பதினான்கு பீஸும் அளவு சரி, ஆனாலும் கழிவு: டிராயிங் படிக்க ஏஐயைக் கேட்ட அனுபவங்கள்

கோவை, ஜாப் ஒர்க் பட்டறை

கணபதியில் அப்பாவும் நானும் ஒரு சிறிய பட்டறை நடத்துகிறோம். கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் இரண்டு சிஎன்சி லேத், அதேபோல் ஓடும் மில்லிங் இயந்திரமான ஒரு விஎம்சி, அப்பா விற்க மறுக்கும் ஒரு பழைய லேத். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு 40 பீஸ், ஏஜென்ட் மூலமாக வந்த ஆர்டர். 60 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கட்டை. முன்முகத்தில் ஒரு கவுன்டர்போர் (தட்டையான அடியுள்ள வட்டக் குழி). இடமிருந்து வலமாக முழுவதும் ஊடுருவும் ஒரு துளை. டிராயிங்கில் இரண்டே தோற்றங்கள்: முன்தோற்றம், அதற்கு வலப்பக்கத்தில் பக்கத்தோற்றம். குறிப்புகள் எல்லாம் ஜெர்மன் மொழியில்.

கைப்பேசியில் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்தேன். முதல் பாதி பிரமாதமாகப் போனது. விளிம்புகளின் கூர்மையை எடுக்க வேண்டும், அளவு போடாத வளைவுகளுக்கு ஆரம் 3 என்று ஒவ்வொரு குறிப்பையும் தமிழில் சொன்னது. ஜெர்மன்காரர்கள் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள், 10,05 என்றால் பத்து புள்ளி பூஜ்யம் ஐந்து என்று நான் கேட்காமலே எச்சரித்தது. துளை 25 எச்7, அதாவது விட்டம் 25 மில்லிமீட்டர், எவ்வளவு விலகலாம் என்பதை எச்7 சொல்லும். அதற்கு பூஜ்யத்திலிருந்து கூட்டல் 0.021 வரை என்றது. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்துக் கேட்டது துளையின் இடம். பக்கத்தோற்றத்தில் இடது ஓரத்திலிருந்து 22 என்று இருந்தது. அது முன்முகத்திலிருந்தா, பின்முகத்திலிருந்தா? "இது வலப்பக்கத்திலிருந்து பார்க்கும் தோற்றம், ஆகவே முன்முகத்திலிருந்து 22" என்றது. சில ஆண்டுகளாக எங்களுக்கு வருவதெல்லாம் அமெரிக்க டிராயிங்குகள், என் கண்ணும் அதற்கே பழகியிருந்தது. நான் நினைத்ததையே அதுவும் சொன்னதால் மறுபடி யோசிக்கவில்லை. முதல் பீஸை அளந்தேன். வெர்னியரில் 22.0. ஓட்டிவிட்டேன்.

பதினான்காவது பீஸ் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா டீ குடித்துவிட்டு வந்தார். ஒரு பீஸைக் கையில் எடுத்தார், டிராயிங்கைப் பார்த்தார், மறுபடி பீஸைப் பார்த்தார்.

"பக்கத்தோற்றத்தில் கவுன்டர்போர் உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் விட்டுவிட்ட கோடு எந்த ஓரத்தில் ஓடுகிறது?"

"வலது ஓரத்தில்."

"கவுன்டர்போர் இருப்பது எந்த முகத்தில்?"

"முன்முகத்தில்."

"அப்படியானால் வலது ஓரம்தானே முன்பக்கம்? இடது ஓரத்திலிருந்து 22 என்றால் எங்கே வரும்?"

பின்முகத்திலிருந்து. முன்முகத்திலிருந்து கணக்கிட்டால் 38. டிராயிங் முதல் கோண முறையில் போட்டது; அதில் இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதைத்தான் வலப்பக்கத்தில் வரைவார்கள். என் கண் பழகிய அமெரிக்க டிராயிங்குகள் மூன்றாம் கோண முறை; அதில் வலப்பக்கத்திலிருந்து பார்ப்பதை வலப்பக்கத்திலேயே வரைவார்கள். ஐடிஐ முதல் வருடப் பாடம் இது. எந்த முறை என்று சொல்லும் அடையாளம், அதாவது தலை வெட்டிய கூம்பும் அருகில் இரண்டு வட்டங்களும், தாளின் மூலையில் பெயர்க்கட்டத்துக்குள் இருந்தது. வாடிக்கையாளரின் பெயர் தெரியக் கூடாதென்று படம் எடுக்கும்போது அந்தக் கட்டத்தின்மேல் நான் ஸ்டீல் ரூலை வைத்திருந்தேன்.

அடையாளத்தை மறைத்தது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தெரியாத நிலையில் "எந்தக் கோண முறை?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம் அல்லவா? எங்களிடம் வேலை பழகும் பையன்கூடக் கேட்டிருப்பான்.

அம்பத்தூர், டூல் ரூம் (ஓய்வு)

கோவைத் தம்பிக்கு, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த விட்டுவிட்ட கோட்டைப் பார்க்கும் கண் சும்மா வந்திருக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிராயிங் என்றால் அம்மோனியா பிரிண்ட். சுருளைப் பிரித்தாலே மூக்கில் ஏறும். நீலத் தாளில் வெள்ளைக் கோடு விழும் அசல் ப்ளூபிரிண்ட், ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை, எங்கள் காலத்துக்கு முன்பே போய்விட்டது. எங்களுடையது வெள்ளைத் தாளில் நீலக் கோடு. பெயர் மட்டும் ப்ளூபிரிண்ட் என்றே நின்றுவிட்டது. எங்கள் ஃபோர்மேன் புதிய பையன்களிடம் ஒரு டிராயிங்கையும் ஒரு துணி சோப்புக் கட்டியையும் கொடுப்பார். மாலைக்குள் அந்தச் சோப்பில் பீஸைச் செதுக்கிக் காட்ட வேண்டும். நான் முதலில் செதுக்கியதும் உங்களுடையதைப் போலப் பக்கம் மாறிய பீஸ்தான். அவர் திட்டவில்லை. இன்னொரு சோப்பு கொடுத்தார், அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஏஐயை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். என் பேரன் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு பழைய இயந்திரத்தின் டிராயிங் வந்ததாம். பரப்பின்மேல் தலைகீழாக மூன்று முக்கோணங்கள். அங்கிருந்த இன்ஜினீயர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. ஏஐ உடனே சொல்லிவிட்டதாம்: பழைய முறைப்படி பரப்பின் வழவழப்பைக் குறிப்பது, முக்கோணம் கூடக் கூட வழவழப்பும் கூடும் என்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பேரன் தாத்தாவுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்.

ஓசூர், தரக் கட்டுப்பாடு

எங்கள் கதை வேறு. எங்கள் நிறுவனத்திலேயே ஒரு மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறார்கள். டிராயிங்கைப் போட்டால் ஒவ்வோர் அளவுக்கும் பலூன் எண் (வட்டத்துக்குள் ஒரு வரிசை எண்) போட்டு, சோதனை அறிக்கையின் படிவத்தையும் தயாரித்துவிடும். முன்பெல்லாம் எண்பது, தொண்ணூறு அளவுகள் உள்ள டிராயிங்குக்குக் கையால் பலூன் போட எனக்கு அரை நாள் ஆகும். இப்போது அது சில நிமிட வேலை. அதை நான் குறைசொல்லப் போவதில்லை, என் கழுத்து வலி பாதி போய்விட்டது.

எங்கே தடுக்குகிறது என்றால், ஒரு அளவின் முன்னால் "4 இடங்களில்" என்று இருந்தால் சில சமயம் ஒரே ஒரு பலூன் போட்டு நகர்ந்துவிடும். மூன்று துளைகள் அளக்கப்படாமலே போகும். குறிப்பு வரியில் "தனியே சொல்லாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 எம்" என்றிருந்தால், அனுமதிக்கும் விலகல் 30 மில்லிமீட்டருக்கு மேல் 120 வரை கூட்டல் கழித்தல் 0.3, 6க்கு மேல் 30 வரை 0.2 என்று அளவுக்கு ஏற்ப மாற வேண்டும். சரியாக 30 என்ற அளவு வந்தால் 0.2 பக்கம் சேர்க்க வேண்டும். அதை ஒருமுறை 0.3 என்று போட்டது. இவற்றையெல்லாம் பிடித்துவிடலாம், எங்கே தவறும் என்று தெரிந்துவிட்டதால் நேராக அங்கேயே போய்ப் பார்க்கிறேன்.

பிடிக்க முடியாமல் போனது ஒன்று. ஒர்க் ஆர்டரில் ரிவிஷன் சி, அதாவது டிராயிங்கின் புதிய திருத்தம். சர்வர் ஃபோல்டரில் கிடந்தது ரிவிஷன் பி. மென்பொருள் அந்த பி டிராயிங்கை ஓர் அளவுகூட விடாமல் படித்தது. அறிக்கை அச்சில் வார்த்தது போல வந்தது. நானும் எல்லாம் பச்சை என்று கையெழுத்துப் போட்டேன். சி-யில் ஒரு பள்ளத்தின் அகலத்தை மாற்றியிருந்தார்கள். வாடிக்கையாளர் இடத்தில் வளையம் உட்காரவில்லை. முன்பு கையால் பலூன் போடும்போது மூலையில் ரிவிஷன் எழுத்தைப் பார்த்து, ஒர்க் ஆர்டரோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். அந்தப் பழக்கம் எப்போது கைவிட்டுப் போனது என்று எனக்கே தெரியவில்லை.

துவாக்குடி, வெல்டிங்

ஓசூர் மேடம் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. தூக்கும் கொக்கி ஒன்றுக்கு எனக்கு ஐரோப்பிய டிராயிங் வந்தது. ஃபில்லட் (மூலையில் போடும் வெல்ட்) அடையாளம், பக்கத்தில் "ஏ5". நம் பக்கத்தில் பெரும்பாலும் லெக் அளவுதான், அதாவது வெல்ட் தட்டின்மேல் படியும் பக்கத்தின் நீளம்தான் போடுவோம். சந்தேகம் வந்து ஏஐயைக் கேட்டேன். "லெக் 5 மில்லிமீட்டர்" என்று பளிச்சென்று சொன்னது.

எனக்குச் சமாதானமாகவில்லை. ஐரோப்பிய முறையில் இசட் என்றால் லெக், ஏ என்றால் த்ரோட் (மூலையிலிருந்து வெல்டின் முகம் வரையுள்ள கனம்) என்று பயிற்சியில் படித்த நினைவு. த்ரோட் 5 என்றால் லெக் 7 வர வேண்டும். லெக் 5 போட்டால் த்ரோட் மூன்றரைதான் நிற்கும், தூக்கும் கொக்கிக்கு அது போதுமா? "ஏ என்பது த்ரோட் இல்லையா?" என்று கேட்டேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி, த்ரோட்தான், லெக் 7" என்றது.

சரி, ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்று புதிதாக ஆரம்பித்து, "ஏ என்பது இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விடும் இடைவெளிதானே?" என்று வேண்டுமென்றே தப்பாகக் கேட்டேன். அதற்கும் "ஆம், சரியாகச் சொன்னீர்கள்!" என்று வந்தது. மேனேஜர் என்ன சொன்னாலும் தலையாட்டும் ஒருவர் எங்கள் ஷாப்பில் ஏற்கெனவே இருக்கிறார். இரண்டாவதாக ஒருவர் எனக்கு வேண்டாம்.

சிங்கப்பூர், கப்பல் பட்டறை, பைப் ஃபிட்டர்

நான் பத்தாம் வகுப்பு வரைதான். ஒர்க் ஆர்டர் முழுக்க ஆங்கிலம். முன்பு அறை நண்பர் ஒருவர் படித்துச் சொல்வார், அவர் ஊருக்குப் போய்விட்டால் திண்டாட்டம். இப்போது ஏஐ தமிழில் மாற்றித் தருகிறது. எந்த வேலைக்கு எந்த அனுமதிச் சீட்டு, எந்த வால்வைப் பூட்டிவிட்டுத் தொட வேண்டும் என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டு இறங்குகிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை, மற்றவர்கள் குறை சொல்லும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ்தான் சில நேரம் சிரிப்பை வரவழைக்கும். எல்போ "முழங்கை" ஆகிவிட்டது, குழாய் முனையை அடைக்கும் தட்டான பிளைண்ட் ஃபிளேஞ்ச் "குருட்டு விளிம்பு". ஒருநாள் "2 அங்குலக் குழாய், அட்டவணை 80" என்று வந்தது. அட்டவணையைத் தேடி ஒர்க் ஆர்டரின் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். பிறகுதான் புரிந்தது, ஷெட்யூல் 80! குழாயின் சுவர்க் கனம், 5.54 மில்லிமீட்டர். ஷெட்யூல் 40 என்றால் 3.91தான். வெளி விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, வெட்டிய முனையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இப்போது "பொருள்களின் பெயர்களை மாற்றாதே, ஒலியை மட்டும் தமிழில் எழுது" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக வருகிறது.

ஸ்ரீபெரும்புதூர், கொள்முதல் பிரிவு

கோவை நண்பருக்கு ஒன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். பெயர்க்கட்டத்தின்மேல் ரூலை வைத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பெயரை மறைத்தாலும் பீஸின் வடிவமும் டாலரன்ஸும் (அளவில் அனுமதிக்கும் விலகல்) வாடிக்கையாளருடையவை. நாங்கள் சப்ளையர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தில் எழுத்து அனுமதியின்றி டிராயிங்கை எந்த மூன்றாம் தரப்புக்கும் காட்டக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பொதுவில் கிடைக்கும் ஏஐயும் மூன்றாம் தரப்புதான். பதினான்கு பீஸோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். இது தெரிந்தால் ஆர்டரே போயிருக்கும்.

கோவை, ஜாப் ஒர்க் பட்டறை

ஸ்ரீபெரும்புதூர் சார் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், அந்த வரி எங்களுடையதிலும் இருக்கிறது. இனி டிராயிங்கைப் படம் எடுத்துக் கொடுப்பதில்லை. புரியாத குறிப்பு வரியை மட்டும் தட்டச்சு செய்து கேட்கிறேன்.

துவாக்குடிக்காரர் செய்த சோதனையை நானும் செய்து பார்த்தேன். அதே மாதிரிச் சிக்கல் வருமாறு வேறு ஒரு கட்டையை நானே காகிதத்தில் வரைந்தேன், கோண முறையின் அடையாளம் இல்லாமல். மூன்றாம் கோணம் என்று சொல்லிக் கேட்டால் முன்முகம் என்றது, முதல் கோணம் என்று சொன்னால் பின்முகம் என்றது. இரண்டு முறையும் அதே தைரியம்தான். பிறகு கேள்வியை மாற்றினேன்: "அடையாளம் இல்லாமலே இது எந்த முறை என்று இந்தக் கோடுகளிலிருந்து சொல்ல முடியுமா? முடியுமென்றால் எந்தக் கோட்டை வைத்து?" கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பக்கத்தோற்றத்தில் கவுன்டர்போரின் விட்டுவிட்ட கோடு வலது ஓரத்தில் இருக்கிறது, ஆகவே அதுதான் முன்பக்கம், இது முதல் கோணம் என்று அப்பா சொன்னதையே சொன்னது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார். "நான் சொன்ன பிறகுதானே நீ இப்படிக் கேட்டாய்?" என்று கேட்டுவிட்டு லேத்துக்குப் போய்விட்டார்.

மீதி 26 பீஸும் புதிதாகச் செய்த 14 பீஸும் போன வாரம் போய்ச் சேர்ந்தன. அம்பத்தூர் ஐயா சொன்னதைக் கேட்டு, எங்கள் பையனுக்கு நேற்று ஒரு சோப்பு வாங்கிக் கொடுத்தேன். சம்பளத்தில் பிடிக்கவில்லை.