நாலு நாடு சுத்திட்டு வந்தாச்சு, ஊர்ல மனசே ஒட்ட மாட்டேங்குது, உங்களுக்கும் இப்படி இருந்துச்சுங்களா?

தோப்புக்காரன் (ஆனைமலை பக்கம்)

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல பாத்துட்டிருந்த வேலைய விட்டுப்போட்டு, தோப்பப் பாக்க எறங்கறதுக்கு முன்னால ஒரேயடியா சுத்திட்டு வந்தரலாம்னு கெளம்புனனுங்க. ஹனோய்ல ஆரம்பிச்சு வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மலேசியான்னு பஸ்ஸுலயும் ரயில்லயுமே தெக்கால எறங்கி வந்து, சிங்கப்பூர்ல பிளைட் ஏறி நேரா கோயமுத்தூர் வந்து சேந்தேன்.

வந்ததுலருந்து ஒண்ணும் ஓடல. காலைல எந்திரிச்சதும் அடுத்த பஸ் எத்தன மணிக்குன்னு போன்ல தேடச் சொல்லுது. ஒறம்பரை வந்தா ரெண்டே கேள்விதான், எவ்வளவு செலவாச்சு, பாம்பு தின்னயா. அதுக்கு மேல நாம வாயத் தொறந்தா அவங்களுக்குத் தேங்கா வெல ஞாபகம் வந்துருது. அவங்களக் கொறை சொல்லல, நானும் மாமன் துபாய் போயிட்டு வந்தப்ப அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஆனா சொல்லாம இருக்கவும் முடியலைங்க. ஹனோய்லருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1726 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒண்ணரை நாள் போகுது. ஹூவே தாண்டி டனாங் வர்ற வழில ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கீழ கடல், பெட்டில இருந்த கெழவி எனக்கு அவிச்ச மக்காச்சோளம் குடுத்துட்டு அந்தம்மா பாட்டுக்கு வியட்நாமீஸ்ல பேசிட்டே வந்துச்சு, நானும் நம்ம பாஷையிலயே பதில் சொல்லிட்டு வந்தேன், ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல.

அப்பறம் மீகாங் ஆத்துப் பக்கம் பென் த்ரேன்னு ஒரு ஊருங்க. அங்க எங்க பாத்தாலும் தென்னைதான். நம்ம களத்துல இருக்கற மாதிரியே தரைல ஊசிக்கம்பி நட்டு, ஒரு ஆளு மூணே குத்துல மட்டைய உரிச்சுப் போடறான். பக்கத்துக் கொட்டாய்ல பெரிய சட்டில தேங்காப்பாலும் சக்கரையும் மால்ட்டும் போட்டுக் கிண்டி, நீளமா ஊத்தி, துண்டு போட்டு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து அரிசித்தாள்ல சுத்தறாங்க. அந்தத் தாள உரிக்க வேண்டியதில்ல, அப்படியே மிட்டாயோட தின்னலாம். அடுப்புக்குத் தேங்காத் தொட்டி, நாருக்கு மட்டை, எதுவும் வீணாப் போகல. நாம என்னடான்னா வெள்ளை ஈ, வாடல் நோய்னு பொலம்பிட்டே காய எண்ணி யாவாரிகிட்டக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தர்றோம். அங்க அரைநாள் நின்னு பாத்தனுங்க, கைடு புள்ளைக்கே சலிச்சுப் போச்சு.

இப்ப கேள்வி என்னன்னா, இந்த நெனப்பெல்லாம் நாளாவட்டத்துல தானா அடங்கிருமா? இல்ல மறுபடி கெளம்பறதுதான் வழியா? வீட்ல "சுத்துனது போதும், பொண்ணு பாக்கலாம்"ங்கறாங்க.

வாய்க்கா மேட்டுக்காரர் (ஈரோடு)

தம்பி, அடங்காதுங்க, ஆனா வேற பக்கம் திரும்பிக்கும். நான் ரிட்டயர்டு ஆனப்பறம் வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு கம்போடியா போனேன். எல்லாரும் அங்கோர் வாட்ல சூரியோதயம் பாக்க முண்டிட்டு நின்னாங்க. எனக்கு என்னமோ அங்கத்த ஏரிதான் புடிச்சிருந்துச்சு. மேற்கு பாராய்ம்பாங்க, 11ஆம் நூற்றாண்டு வேலை, கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், இன்னைக்கும் தண்ணி நிக்குது. கரை மேல குடும்பங்குடும்பமா உக்காந்து மீன் சுட்டுத் தின்னுட்டிருக்காங்க. ராஜா கட்டுன கோயில் டிக்கெட் போட்டுப் பாக்கற எடமாயிருச்சு, ஏரி மட்டும் இன்னும் ஊர்க்காரங்க சொத்தா இருக்குது.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு காலிங்கராயன் வாய்க்கா பாலத்துல வண்டிய நிறுத்துனேன். 1283ல வெட்டி முடிச்சதுன்னு சொல்லுவாங்க, பவானில தொடங்கி கொடுமுடிப் பக்கம் முட்டும் 90 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு போகுது, அதுல பாஞ்ச தண்ணிலதான் எங்க அப்பாரு மஞ்சளும் கரும்பும் வெச்சாரு. சாயத்தண்ணியும் சாக்கடையும் கலந்து இப்ப அது இருக்கற கோலத்தப் பாத்தா வயிறு எரியுது. அங்க அந்த ஏரிக்கு "ஆகா"ன்னு போட்டோ எடுத்த ஆளு, இங்க மூக்கப் பொத்திட்டுப் போறதான்னு ஆயிருச்சு. அதுலருந்து அணைக்கட்டுலருந்து கடைமடை முட்டும் கொஞ்சங்கொஞ்சமா கரையோரமாவே நடந்துட்டிருக்கேன், பாதி வந்துட்டேன். பாஸ்போர்ட்டு கேக்காத டூருங்க இது.

பின்னலாடை பங்காளி (திருப்பூர்)

நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. நானும் வியட்நாம் போறவன்தான், ஆனா கம்பெனி வேலையா. நீங்க மலையும் கடலும் பாத்தீங்க, நான் தையல் லைன்ல எத்தன மெஷினு, ஒரு பீஸ் எத்தன நிமிசம்னு பாத்துட்டு வந்தேன். தைச்ச துணி ஏத்துமதில அவங்க நம்ம நாட்ட விட ரொம்ப மேல. அங்கத்த தொழிலாளியும் சாயந்தரம் நம்ம அனுப்பர்பாளையத்து புள்ளைங்க மாதிரியேதான் டிபன் டப்பாவத் தூக்கிட்டு ஓடுது.

வெளியூர்ல நமக்குக் கரண்டு பில்லு இல்ல, கல்யாண மொய்யி இல்ல, ரேசன் கடை வரிசை இல்ல. எந்த ஊரும் அப்படி இருந்தா சொர்க்கந்தான். பென் த்ரேல அந்த மிட்டாய் சுத்தற பொம்பளைக்கு ஒரு நாள் கூலி என்னன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா அத இங்க போடுங்க, அதுதான் எனக்கு வேணும். மத்தபடி மறுபடி போறது தப்பில்ல, தோப்பு வருமானம் கைல வந்தப்பறம் போங்க, அப்பன் காசுல போகாதீங்க.

கோபி அம்மா

தம்பி, நான் சுத்தப் போகல, பையன் வீட்டுக்கு ஜெர்மனி போயி பேத்தியப் பாத்துட்டிருந்தேன். விசா 90 நாள்தான் குடுப்பான். ஞாயித்துக்கெழமைன்னா ஒரு கடை தொறக்காது, ஒரு சத்தம் இருக்காது, மொத வாரம் எனக்கு யாரோ செத்துப்போன ஊராட்டந்தான் இருந்துச்சு. காலி பிளாஸ்டிக் பாட்டில மெஷின்ல போட்டா ஒண்ணுக்கு 25 சென்ட் திரும்ப வருது, அத சேத்து வெச்சு பேத்திக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தேன், என்ர சம்பாத்தியம்!

திரும்பி வந்த அன்னைக்குக் கோயில் நோம்பி, மைக்செட்டு விடிய விடிய. தலைவலின்னு சொன்னா "ஜெர்மன்காரியாயிட்டா"ன்னு எங்க நாத்தனா சிரிச்சுட்டா. நான் யாருகிட்டயும் கதை சொல்றத விட்டுட்டேன். ஆனா ஒரு நாள் அரிசிம்பருப்பு சாதம் தாளிக்கறப்ப பக்கத்து வீட்டுப் புள்ள "அங்க வெங்காயம் எப்படிங்கத்தை இருக்கும்"னு கேட்டுச்சு பாருங்க, ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தேன். மொத்தமாச் சொல்லப் போனா யாருக்குங்க நேரம் இருக்குது, துண்டு துண்டாக் கேக்க ஆளு வரும்.

அப்பறம், பொண்ணு பாக்கறதுக்கு சரின்னு சொல்லுங்க. கூட ஒரு ஆளு இருந்தா மக்காச்சோளத்த பாதியாப் பங்கு வெச்சுக்கலாம்.

தோப்புக்காரன்

அம்மா 😄 வீட்ல காட்டிட்டேன், எங்க ஆத்தா உங்க கட்சிதான்.

திருப்பூர் அண்ணா, கூலி கேக்கலைங்க. கேக்கோணும்னே தோணல, நீங்க சொன்னப்பறம்தான் அதுவும் ஒரு கேள்வின்னு தெரியுது. காசு நான் சேத்ததுதான், அப்பா ஒரு ரூவா குடுக்கல, அத மட்டும் எழுதிக்கங்க.

ஈரோட்டு ஐயா, ஏரி பக்கம் நானும் போனனுங்க, ஆனா எனக்கு மனசுல நின்னது சைகோன் மாரியம்மன் கோயிலு. நம்ம சனம் போயிக் கட்டுனது, இப்ப வர்றவங்க முக்காவாசி அந்த ஊர்க்காரங்க. சாமி கும்புட்டுட்டுப் பின்னால கருங்கல் செவுத்துல நெத்திய ஒட்ட வெச்சு, ரகசியம் பேசற மாதிரி வேண்டுதல சொல்றாங்க. பொள்ளாச்சில கம்பம் நட்டு, பூவோடுன்னு தீச்சட்டி எடுக்கற அதே ஆத்தா, அங்க செவுத்துல காதக் குடுத்துட்டு நிக்கறா.

உங்க கூட மீதி வாய்க்கா நடக்கலாமுங்களா? நம்ம பக்கம் பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காதான் பாத்திருக்கேன், இது பாத்ததில்ல.

வாய்க்கா மேட்டுக்காரர் (ஈரோடு)

தாராளமா வாங்க. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு கருங்கல்பாளையத்துல இருப்பேன், செருப்பு வேண்டாம் ஷூ போட்டுட்டு வாங்க, கரைல வேலாமுள்ளு கெடக்குது. வர்றப்ப ரெண்டு எளநி கொண்டாங்க, இங்க விக்கற வெலைக்கு வாங்க முடியறதில்ல.