குப்பைமேட்டைத் தோண்டி எடுத்தாயிற்று, போர்வெல் தண்ணீர் ஏன் மாறவில்லை? (பெருங்குடி, பள்ளிக்கரணை, சென்னை)

சதுப்புக்கரை:

பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் எல்லையிலிருந்து சுமார் 400 மீட்டரில் 16 வீடுகள் உள்ள அடுக்ககம். போர்வெல் 35 மீட்டர் ஆழம், ஆறரை அங்குல விட்டம். நீர்மட்டம் 5 மீட்டரில் நிற்கிறது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் லிட்டருக்கு 1,800 மி.கி. காட்டுகிறது. பிடிக்கும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர் வாளியில் அரை மணி நேரத்தில் பழுப்பேறி, மேலே எண்ணெய் போல ஒரு படலம் கட்டுகிறது. பழைய குப்பையை பயோமைனிங் செய்து (தோண்டி, சலித்து, பிரித்து) பெரும்பகுதி அகற்றிவிட்டார்கள், இனி தண்ணீர் சரியாகிவிடும் என்கிறார்கள் சிலர். கடல் உப்புதான், குப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள் வேறு சிலர். பக்கத்து செப்டிக் டேங்க்தான் காரணம் என்றும் ஒரு பேச்சு. எதை டெஸ்ட் செய்தால் இது தெளியும்? ஆர்.ஓ. போட்டுக் குடிக்கலாமா?

கேசிங்பைப்:

டிடிஎஸ் மீட்டரை வைத்து இதைத் தீர்க்கவே முடியாது சார். உப்பு எவ்வளவு என்றுதான் அது சொல்லும், யாருடைய உப்பு என்று சொல்லாது. உங்கள் இடத்தில் கடல், குப்பைக் கசிவுநீர், கழிவுநீர் மூன்றுமே இருக்கலாம். போதாக்குறைக்கு நாலாவதாக சதுப்பு நிலமே இருக்கிறது. அதன் கறுப்புக் களிமண்ணில் மட்கும் தாவரங்களே கொஞ்சம் அமோனியாவையும் கரைந்த இரும்பையும் தரும்.

லேபில் கேட்க வேண்டியவை: பி.எச்., மின்கடத்துதிறன், குளோரைடு, பைகார்பனேட், சல்பேட், நைட்ரேட், அமோனியா நைட்ரஜன், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், இரும்பு, மாங்கனீசு, போரான், சி.ஓ.டி. (கரிமக் கழிவின் அளவுகோல்), ஈ.கோலை (மலக் கிருமி). உலோகங்களில் ஈயம், காட்மியம், ஆர்செனிக், குரோமியம்.

கடல்நீரில் லிட்டருக்குக் குளோரைடு சுமார் 19,000 மி.கி., பொட்டாசியம் 390, போரான் 4.5. இதே விகிதத்தில் கணக்குப் போட்டால், குளோரைடு 1,000 மி.கி. கடலிலிருந்து வந்திருந்தால் பொட்டாசியம் 20ஐ ஒட்டியும், போரான் கால் மில்லிகிராமை ஒட்டியும்தான் இருக்க வேண்டும். பொட்டாசியம் 80, போரான் 1 என்று வந்தால் கடலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கூடவே பைகார்பனேட்டும் அமோனியாவும் உயர்ந்து, நைட்ரேட் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தால் குப்பைக் கசிவுநீர்ப் பக்கம் சந்தேகம் வலுக்கும். குப்பைமேட்டுக்கு அடியில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறாமல் அமோனியமாகவே கிடக்கும்.

செப்டிக் டேங்க் நீர் என்றால் ஈ.கோலை வரும். காற்றுப்படும் மண்ணாக இருந்தால் நைட்ரேட்டும் ஏறும். நீரில் ஊறிக் கிடக்கும் களிமண்ணில் அதுவும் அமோனியாவாகவே வரலாம் என்பதால், நைட்ரேட் இல்லை என்பதை மட்டும் வைத்துக் கழிவுநீரை விடுவித்துவிடாதீர்கள்.

இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. களிமண் பொட்டாசியத்தையும் அமோனியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் விடும். குளோரைடும் போரானும் அதிகம் தடைபடாமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் 400 மீட்டரில் அமோனியா குறைவாகவும் கடினத்தன்மை தாறுமாறாகவும் வரலாம். அமோனியா இல்லை, ஆகவே குப்பை இல்லை என்று எழுதித் தரும் அறிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். கிடங்குக்கு மேட்டுப் பக்கமுள்ள (நிலத்தடி நீர் கிடங்கை நோக்கி வரும் பக்கம்), அதே ஆழத்துப் போர் ஒன்றின் தண்ணீரையும் அதே நாளில் எடுத்து ஒப்பிட்டால்தான் சதுப்பின் இயல்பான பங்கு எவ்வளவு என்பது பிடிபடும்.

அந்தப் படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புப் படலம். கலைத்ததும் மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய். எண்ணெய் என்றால் டெஸ்ட் பட்டியல் வேறு, அதைத் தனியாகப் பேசுவோம்.

நீர்மாதிரி:

பட்டியல் சரி. பெரும்பாலும் கெட்டுப்போவது மாதிரி எடுக்கும் இடத்தில்தான்.

சம்பிலோ மாடித் தொட்டியிலோ பிடிக்காதீர்கள், போர் வாய்க் குழாயிலேயே பிடியுங்கள். குழாய்க்குள் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். ஆறரை அங்குலப் போரில் மீட்டருக்குச் சுமார் 21 லிட்டர். உங்களுக்கு 30 மீட்டர் நீர் நிற்கிறது, ஆக 640 லிட்டர். மூன்று மடங்கு, அதாவது 1,900 லிட்டர் ஓடவிட வேண்டும். 15 லிட்டர் வாளி 20 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 45 லிட்டர், எனவே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். கடைசியில் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை மின்கடத்துதிறனும் பி.எச்.சும் பார்த்து, எண் நிலைத்த பிறகு பிடியுங்கள்.

உங்கள் தண்ணீர் காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. கரைந்திருந்த இரும்பு துருவாக இறங்குகிறது, ஆர்செனிக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும். சாதா பாட்டிலில் பிடித்து மறுநாள் கொடுத்தால் லேபில் மேல்தண்ணீரை எடுப்பார்கள், உலோகம் குறைவாகத்தான் வரும். ஆகவே உலோகத்துக்கான மாதிரியை அந்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிகட்டாமல் அமிலம் விட்டால் கலங்கலில் இருக்கும் மண்ணும் கேசிங் (போரின் உறைக் குழாய்) துருவும் கரைந்து எண் பொய்யாக ஏறிவிடும். அமோனியாவுக்கும் சி.ஓ.டி.க்கும் கந்தக அமிலம் விட்ட தனி பாட்டில். ஈ.கோலைக்குக் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். அமிலத்தை வீட்டில் கையாள வேண்டாம். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபிலிருந்தே ஆளை வரவழையுங்கள், அவர்கள் அமிலம் விட்ட பாட்டிலோடு வருவார்கள்.

அறிக்கை வந்ததும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஈயத்துக்கு 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். குடிநீர் வரம்பு 0.01 மி.கி., அவர்கள் கருவி 0.05க்குக் கீழே பார்க்காது என்றால் அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. இரண்டு, நைட்ரேட் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். வரம்பான 45 நைட்ரேட்டாகச் சொல்வது. நைட்ரஜனாகக் கொடுத்திருந்தால் 4.43ஆல் பெருக்க வேண்டும். மூன்று, நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை, மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் (எடையை மின்சுமைக்கு ஏற்ப மாற்றிய அளவில்), 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எட்டிப்போனால் ஏதோ ஓர் எண் தப்பு.

மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு முறை. ஒரே ஒரு அறிக்கையை வைத்து வாதாடக் கூடாது.

சதுப்புக்கரை:

படலம் சில்லாகத்தான் உடைகிறது, கூடவில்லை. மேட்டுப் பக்கம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே எல்லாமே தட்டையாக இருக்கிறதே.

கேசிங்பைப்:

தரையின் சரிவைப் பார்க்காதீர்கள், நீர்மட்டத்தின் சரிவைப் பாருங்கள். முக்கோணமாக அமைந்த மூன்று போர்கள் போதும். விடியற்காலை, யாரும் மோட்டார் போடும் முன், மூன்றிலும் கேசிங் வாயிலிருந்து நீர் வரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். கொத்தனார் ரசமட்டக் குழாயை வைத்துப் படிப்படியாக மூன்று கேசிங் வாய்களின் உயர வித்தியாசத்தைக் கழியுங்கள், அல்லது ஒரு சர்வேயரை அழையுங்கள். நீர்மட்டம் எந்தப் பக்கம் உயரமோ அதுதான் மேட்டுப் பக்கம். தட்டை நிலத்தில் சில சென்டிமீட்டர் பிழையே திசையைப் புரட்டிவிடும். லாரிக்குத் தண்ணீர் இறைக்கும் பெரிய போர் பக்கத்தில் இருந்தால் கசிவு அதன் பக்கம் திரும்பும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மண்ணியல்தாசன்:

'குப்பையை எடுத்தாயிற்று, தண்ணீர் சரியாகிவிடும்' என்பதற்கு மட்டும் சொல்கிறேன். பயோமைனிங் மூலத்தை அகற்றுகிறது, நல்ல வேலை, கட்டாயம் வேண்டிய வேலை. ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிப் பரவிய நீரை அது தொடுவதில்லை.

2016 திடக்கழிவு விதிகள் புதிய நிரப்பிடத்துக்கு (குப்பையைப் புதைக்கும் இடம்) அடியில் 90 செ.மீ. இறுக்கிய களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றன. பெருங்குடியில் குப்பை குவிந்தது பல பத்தாண்டுகளாக, அப்படி எந்த விரிப்பும் இல்லாமல், சதுப்பின்மேல். தோண்டும்போது மேல்மண் திறந்து, மழை குழியில் தேங்கி, அடியில் ஊறிக் கிடந்ததை ஒரு தள்ளு தள்ளும். அதனால் அகற்றிய பிறகு ஓரிரு மழைக்கு எண்கள் ஏறவும் செய்யும்.

நீர் நகரும் வேகத்தை ஒரு உதாரணத்தால் காட்டுகிறேன். மணலில் ஊடுருவல் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு 0.002, துளைமை (மண்ணில் இடைவெளியின் பங்கு) 0.25 என்று வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 29 மீட்டர். 400 மீட்டரைக் கடக்கப் பதினான்கு ஆண்டு. களிமண்ணில் இன்னும் மெதுவாகும், அடியிலுள்ள சார்னோகைட் பாறையின் வெடிப்பில் இதைவிட வேகமாகலாம். இன்று உங்கள் போரில் குப்பைக் கசிவு வருகிறது என்றால், அது பல ஆண்டு முந்தைய குப்பையுடையது.

மூடிய நிரப்பிடத்தை 15 ஆண்டு கண்காணிக்க வேண்டும், எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று பருவம்தோறும் சோதிக்க வேண்டும் என்று அதே 2016 விதிகளில் இருந்தது. அந்தச் சோதனை எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 'தண்ணீர் நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் 'ஆம்' என்று ஒரு வரி வரும். கண்காணிப்புக் கிணறு ஒவ்வொன்றின் இருப்பிடம், ஆழம், வடிகட்டிக் குழாய் அமைந்த ஆழம், மாதிரி எடுத்த தேதி, லேப் அறிக்கையின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நீர்மாதிரி:

ஆர்.ஓ. கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் மெட்ரோ தண்ணீர்தான். கொதிக்கவைப்பது கிருமிக்கு மட்டும் உதவும், உப்பையும் நைட்ரேட்டையும் உலோகத்தையும் இன்னும் அடர்த்தியாக்கும். கார்பன் வடிகட்டி அமோனியாவை நிறுத்தாது. ஆர்.ஓ. பெரும்பாலான உப்பை நிறுத்தும், போரானை அரைகுறையாகத்தான் நிறுத்தும், இந்த இரும்போடு நேரே விட்டால் மெம்பிரேன் (அதன் சவ்வு) சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதலில் காற்றூட்டி, மணல் வடிகட்டியில் இரும்பை இறக்க வேண்டும். ஆர்.ஓ. போட்டாலும் அதிலிருந்து குடிக்க வரும் நீரையும் அதே பட்டியலுக்குச் சோதியுங்கள்.

சம்பில் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சமாளிக்க நினைத்தால் கணக்கைப் பாருங்கள். அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மி.கி. இருந்தால் 5,000 லிட்டர் சம்பில் 25 கிராம். அதைத் தீர்த்து மிச்சக் குளோரின் நிற்க ஏறத்தாழ பத்து மடங்கு குளோரின், அதாவது 250 கிராம். 30 சதவீதப் பவுடரில் அது 830 கிராம், ஒவ்வொரு முறை சம்ப் நிரம்பும்போதும். வழக்கமாகப் போடும் ஒரு கைப்பிடியை அமோனியாவே தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

இன்னொன்று. குப்பைமேட்டுக்கு அருகில் வீடு உள்ளவர்கள் மூடிய சம்புக்குள்ளும் மோட்டார்க் குழிக்குள்ளும் தீக்குச்சி கிழித்துப் பார்க்கவோ, ஆளை நேரே இறக்கவோ கூடாது. மண் வழியாக மீத்தேன் வந்து தேங்கலாம், காற்றில் 5 முதல் 15 சதவீதம் ஆனால் வெடிக்கும். ஆக்சிஜனும் குறைந்திருக்கும். மூடியைத் திறந்து காற்றாட விட்டு, வாயு அளவி வைத்துப் பார்த்த பிறகே இறங்க வேண்டும், மேலே கயிறு பிடித்து ஒருவர் நிற்க வேண்டும்.