முதியோர் கல்வி மையத்தில் நாடகம்: வசனம் மனதில் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

தக்கலை டீச்சர்:
தக்கலை பக்கம் ஒரு மையத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 11 பேர். அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிற அக்காமார், ரப்பர் பால் வெட்டுகிற இரண்டு அண்ணன்மார், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆண்டு விழாவில் நாடகம் போடணும் என்று அவர்களே கேட்டார்கள். சரி என்று ஆறு பக்கம் வசனம் எழுதிக் கொடுத்தேன். மற்ற நேரம் வாய் ஓயாதவர்கள் தாளை வாங்கியதும் அப்படியே உறைந்துவிடுகிறார்கள். ஓர் அக்கா எழுத்தின் மேல் விரல் வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்தவருக்குத் தன் வரி மறந்துபோகிறது. இன்னும் மூன்று வாரம்தான். பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கலாமா?

கடற்கரைக்காரன்:
வேண்டாம் டீச்சர். எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் நாடகம் போடுகிறோம். எடுத்துக் கொடுக்கிற குரலும் மைக்கில் விழும், நடிக்கிறவர் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார். தாளைத் திரும்ப வாங்கிவிட்டு நிலைமையை மட்டும் சொல்லுங்கள்: பேங்கில் கைநாட்டு வைக்கச் சொல்லி மை டப்பாவை நீட்டுகிறார்கள், நீங்கள் என்ன சொல்வீர்கள்? பேசுவதைப் போனில் பதிவு செய்து, நல்ல வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தாங்கள் சொன்ன சொல் என்பதால் வாசிக்கவும் சீக்கிரம் வரும்.

வில்லிசைப் பிரியை:
கூச்சப்படுகிறவர்களை வில்லுப்பாட்டுக் குழுவாக ஓரத்தில் உட்கார வையுங்கள். கோவில் கொடை விழாவில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பின்பாட்டுப் பாடவும் "ஆமா" போடவும் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் படிப்பின் அருமையைக் கிந்தனார் காலட்சேபமாகத்தானே சொன்னார்? 1990களில் அறிவொளி இயக்கமும் வீதி நாடகம் போட்டுத்தான் ஆட்களை வகுப்புக்குக் கூப்பிட்டது. அப்புறம், பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே எழ வேண்டும், ஒத்திகையை ராத்திரி எட்டு மணிக்கு மேல் இழுக்காதீர்கள்.

தக்கலை டீச்சர்:
நேற்றே செய்து பார்த்தேன். மை டப்பாவை நீட்டியதும், விரல் வைத்துப் படிப்பார் என்றேனே, அதே அக்கா அதைத் தள்ளிவிட்டு, "எனக்க பேரு எனக்கு எழுதத் தெரியும், பேனாவ இங்க தாரும் சாரே" என்றார். எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். இன்று அந்த வரியைப் பலகையில் எழுதினேன். விரல் வைக்காமல் ஒரே மூச்சில் வாசித்தார். "எனக்க" என்பதை "என்" என்று மாற்றட்டுமா என்று கேட்டேன், ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.