ரிவால்வருக்குக் கையால் அடைத்த தோட்டா: வேட்டைக்கு எது, தற்காப்புக்கு எது? (அனுபவப் பகிர்வு)

மலைச்சரிவு:
.44 மேக்னம் ரிவால்வர், எடை குறைந்த சட்டகம், 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) வார்ப்பு ஈயக் குண்டு. அலாஸ்காவில் கரடி நடமாடும் பகுதிக்கு எடுத்துப்போக வீட்டில் அடைத்த தோட்டா. சுடுதளத்தில் நாலு சுட்டாயிற்று. ஐந்தாவதுக்குச் சுத்தியலை இழுத்தால் சிலிண்டர் அசையவில்லை. சிலிண்டரின் அடுத்த அறையிலிருந்த குண்டு கேஸைவிட்டு (பித்தளை உறையைவிட்டு) நழுவி, சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு, பேரலின் (குழலின்) பின் விளிம்பில் இடித்து நிற்கிறது. அந்த ஈய மூக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கரடி முன்னால் நடந்திருந்தால் அந்த ரிவால்வர் வெறும் இரும்புதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். உதைப்பு துப்பாக்கியோடு கேஸையும் பின்னால் இழுக்கிறது, கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. துப்பாக்கி இலேசாக, குண்டு கனமாக ஆக ஆக இது மோசமாகும். செமி ஆட்டோவில் குண்டு நகர்ந்தால் உள்ளே போகும், ரிவால்வரில் வெளியே வரும். இதை மறந்து எடை, வேகம், ஆற்றல் என்று மட்டும் பார்த்துத் தோட்டா தேர்வு செய்பவர்கள் நிறைய.

பலரும் கிரிம்ப்பை (குண்டைப் பிடிக்கக் கேஸ் வாயை உள்நோக்கி மடிப்பதை) இன்னும் இறுக்குவார்கள். அது பாதித் தீர்வுதான். குண்டை முதலில் பிடித்து வைப்பது கேஸ் கழுத்தின் இறுக்கம். கேஸ் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் குச்சி குண்டின் விட்டத்தைவிட 0.002 அங்குலமாவது குறைவாக இருக்கவேண்டும். அடுத்தது கேஸ் நீளம். .44 மேக்னத்துக்கு அதிகபட்சம் 1.285 அங்குலம், வெட்டும் அளவு 1.275. கேஸ்கள் நீளத்தில் மாறினால் ஒரே டையில் (அழுத்தும் அச்சில்) ஒன்று இறுகும், இன்னொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும். குண்டை உட்காரவைப்பது ஒரு படி, கிரிம்ப் செய்வது தனிப் படி. குண்டின் பள்ளத்துக்குள் உருட்டு கிரிம்ப் விழவேண்டும். செம்புப் பூச்சு மட்டும் உள்ள குண்டில் கிரிம்ப்பை மிகவும் இறுக்கினால் பூச்சு கிழியும், ஈயம் நசுங்கும், பித்தளை மட்டும் சற்றே திரும்ப விரியும், பிடி இன்னும் தளரும்.

சோதனை: ஒரு தோட்டாவைக் காலிப்பரால் அளந்து குறித்து, கடைசியாகச் சுடவேண்டிய அறையில் போடுங்கள். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளங்கள். அதையே திரும்ப அதே அறையில் வைத்து இன்னும் ஐந்து. நீளம் வளர்ந்துகொண்டே போனால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. வேறு துப்பாக்கியில் தேறியது என்பது கணக்கில் வராது.

ஐடஹோ வாசு:
மலைச்சரிவு அண்ணே, கிரிம்ப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சிலிண்டர் நின்றாலே குண்டு நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. .357-இல் ஒன்று பார்த்தேன். காலிக் கேஸ்களைத் தள்ளும்போது குழல் கிடையாக இருந்தது. எரியாத வெடிமருந்துத் துகள் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்துக்கு (கேஸ்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டுக்கு) அடியில் போய் உட்கார்ந்தது. அடுத்த ஆறையும் போட்டு மூடினால் சிலிண்டர் மூடவே இல்லை. ரெண்டு மூணு துகள்தான், அவ்வளவு போதும்.

துகள் எரியாமல் மிஞ்சியதற்குக் காரணம் அடைத்தவரின் சிக்கனம். ஹெச்110 மாதிரி மெதுவாக எரியும் மருந்தை "கொஞ்சம் இதமாக இருக்கட்டும்" என்று குறைத்திருக்கிறார். அந்த மருந்தை ஹாட்ஜ்டன் (அதை விற்கும் நிறுவனம்) கையேட்டு அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்கக்கூடாது என்று தெளிவாகவே எச்சரித்திருக்கிறார்கள். குறைத்தால் ஒழுங்காகப் பற்றாது, குண்டு பேரலிலேயே நின்றுவிடலாம். பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டால் பேரல் வீங்கும், பிளக்கும். மற்ற மருந்துகளுக்கு அதிகபட்சத்திலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். அந்த வழக்கத்தை இதற்குப் பொருத்தாதீர்கள். மேக்னம் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிமிழ்) கட்டாயம். இதமான தோட்டா வேண்டுமானால் மருந்தையே மாற்றவேண்டும்.

காலிகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கட்டும். கேஸ்களைத் தள்ளும் தண்டை ஒரே அடியில் முழுதாகத் தள்ளுங்கள். நட்சத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பிரைமர் சரியாக உட்காராமல் துருத்தியிருந்தாலும் சிலிண்டர் உரசி நிற்கும். அடைத்த ஒவ்வொன்றின் அடியிலும் விரலை ஓட்டுங்கள், மேடு தட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

நீதிக்கண்:
நீங்கள் இருவரும் தோட்டா வேலை செய்யுமா என்று பார்க்கிறீர்கள். என்னை உறுத்துவது நியூ ஜெர்சியின் பையஸ் வழக்கு, 1989-இல் மனைவி குண்டடிபட்டு இறந்ததற்காகக் கணவர் மீது நடந்தது. ரிவால்வரில் இருந்தது வீட்டில் அடைத்த, மருந்து மிகக் குறைந்த .38 ஸ்பெஷல். எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதே வழக்கின் உயிர்நாடி. ஆய்வகம் சோதித்தது தொழிற்சாலைத் தோட்டாவை வைத்து. அது விட்ட புகைக்கரியும் துகளும் ஒரு மாதிரி, வீட்டுத் தோட்டா விட்டது வேறு மாதிரி. அடைத்தவர் எழுதி வைத்த குறிப்பு அவர் சொல்லாகவே நின்றது. தற்காப்புக்குத் தொழிற்சாலைத் தோட்டா மட்டுமே போடுங்கள். அதே லாட்டில் (உற்பத்தித் தொகுதியில்) மிச்சம் ஆலையிலும் கடையிலும் இருக்கும், யாரும் எடுத்துச் சோதிக்கலாம்.

ஐடஹோ வாசு:
சார், அது தற்காப்பு வழக்கே இல்லையே. நியாயமாகச் சுட்டவர் வீட்டுத் தோட்டா போட்டதற்காகவே தண்டனை பெற்றார் என்று அதை வைத்துச் சொல்லமுடியாது.

நீதிக்கண்:
நான் அப்படிச் சொல்லவில்லை. தூரம் கேள்வியாகும் எந்த வழக்கிலும் இதே சிக்கல் வரும் என்கிறேன். தாக்க வந்தவன் மூன்றடியில் இருந்தானா, பதினைந்தடியில் இருந்தானா என்பதில்தான் தற்காப்பே நிற்கிறது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் தொழில்நுட்பம் இதையேதான் சொல்கிறது. இரண்டங்குலக் குழலில் மெதுவான மருந்து முழுதாக எரியாது. வேகம் கிடைக்காது, இருட்டில் நெருப்புப் பந்து மட்டும் கிடைக்கும். வேட்டைத் தோட்டாவை அப்படியே வீட்டுக் கைத்துப்பாக்கியில் போடுபவர்கள் கவனிக்கவேண்டியது இது. குட்டை .38-க்கென்றே 135 கிரெய்ன் ஸ்பியர் கோல்டு டாட் என்ற தொழிற்சாலைத் தோட்டா இருக்கிறது. பழைய 158 கிரெய்ன் துளைமூக்கு ஈய +பி (அழுத்தம் கூடிய தோட்டா) இன்றும் மோசமில்லை. உதைப்பு தாங்காதவருக்கு 148 கிரெய்ன் வாட்கட்டர் (தட்டை முகக் குண்டு) போதும், விரியாவிட்டாலும் நேராக ஊடுருவும். எஃப்.பி.ஐ. எதிர்பார்க்கும் ஊடுருவல் ஜெலட்டினில் (சதைக்குப் பதிலாகச் சோதிக்கும் கூழில்) 12 முதல் 18 அங்குலம்.

பயிற்சிக்கு வீட்டில் அடையுங்கள், தாராளமாக. தற்காப்புத் தோட்டாவின் அதே குண்டெடை, ஏறத்தாழ அதே வேகம் வரும்படி. கை பழகும், செலவும் குறையும்.

செம்பருத்தி:
ஒட்டுச்சீட்டு இல்லாத தோட்டாப் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. .45 கோல்ட், மூடியில் "ருகர் மட்டும்" (ருகர் நிறுவனத்தின் பலமான ரிவால்வருக்கு மட்டும்) என்று எழுதியிருந்த சீட்டு உரிந்து விழுந்துவிட்டது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சிங்கிள் ஆக்‌ஷனில் ஐந்தைப் போட்டாயிற்று, சுத்தியலும் பின்னால். பக்கத்து மேசைக்காரர் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களைப் பார்த்துக் கையைப் பிடித்தார்.

.45 கோல்ட் 1873-இன் தோட்டா, சாமி (SAAMI, அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) அழுத்த வரம்பு 14,000 பி.எஸ்.ஐ. ருகர் பிளாக்ஹாக்குக்கென்று கையேடுகளில் தனிப் பகுதியாக வருபவை 30,000 வரை போகும். கேஸ் ஒன்றுதான், இரண்டும் எந்த அறையிலும் நுழையும். .38 ஸ்பெஷல் கேஸை நீட்டித்தான் 1935-இல் .357 செய்தார்கள், பழைய அறையில் புகாமல் இருக்க. .44 மேக்னத்துக்கும் அதே ஏற்பாடு. .45 கோல்ட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் 1920-களில் .45 கோல்ட் ரிவால்வர் வெடித்த பிறகுதான் .44 ஸ்பெஷலுக்குப் போனார்.

சீட்டை மூடியில் மட்டுமல்ல, பெட்டிக்குள்ளும் போடுங்கள். குண்டு, எடை, மருந்து, அளவு, பிரைமர், நீளம், தேதி, எந்தத் துப்பாக்கிக்கு. பலமான தோட்டாக்களின் பிரைமர் மேல் அழியாத மையால் கோடு போடுங்கள்.

வார்ப்புக்காரர்:
முதல் பதிவில் 300 கிரெய்ன் வார்ப்புக் குண்டு என்றதும் எழுதத் தோன்றியது. மூன்று தோட்டாவிலேயே பேரல் முழுக்க ஈயம் அப்பி, ரைஃப்ளிங் (பேரலின் உள்ளே சுழலும்) பள்ளமே தெரியாமல் போன ஒரு .357. அந்தத் துப்பாக்கியின் உரிமையாளர் "குண்டு மிருது, இன்னும் கெட்டியாக வார்க்கவேண்டும்" என்றார். கெட்டித்தன்மை காரணமே இல்லை. குண்டின் விட்டம் .357 அங்குலம், சிலிண்டர் அறையின் முன் வாய் .3585. இடைவெளியில் சூடான வாயு ஓடி ஈயத்தை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது.

சிலிண்டரின் ஆறு வாயையும் அளக்கவேண்டும். குண்டை விரலால் தள்ளினால் இலேசாகப் பிடித்து இறங்கவேண்டும், விழக்கூடாது. வாய்க்கு ஏற்ப .358 அல்லது .359-ஆக அளவெடுங்கள். வாகனச் சக்கர எடை ஈயம் பிரினெல் கெட்டித்தன்மையில் 12 பக்கம் வரும், நடுத்தர அழுத்தத்துக்கு அது தாராளம். முழு மேக்னத்துக்கு கேஸ் செக் (குண்டின் அடியில் உலோகத் தொப்பி) வையுங்கள். லைனோடைப் (பழைய அச்சு எழுத்து ஈயக் கலவை) 22 வரும், ஆனால் அடிப்பகுதி விரிந்து வாயை அடைக்காது, எலும்பில் பட்டால் உடையவும் கூடும்.

கரடிக்கு அகலத் தட்டைமூக்கு, விரியாத குண்டு. மானுக்கு அது வேண்டாம், 240 கிரெய்ன் எக்ஸ்.டி.பி. மாதிரி விரிவது .44-இல் சுத்தமாக வேலை செய்யும். தற்காப்புத் துளைமூக்கைக் கரடிக்கு எடுத்துப்போனால் தோலிலும் கொழுப்பிலுமே விரிந்து நின்றுவிடும் அபாயம் உண்டு. வேட்டைக்கான காலிபர், குழல் நீளம், குண்டு வகை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த வருட விதியைப் பாருங்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஈயம் உருக்கும் இடத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். மேசையில் தேநீர், தின்பண்டம் கூடாது. கையைக் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காலிக் கேஸ் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தின் தூசியில் பிரைமர் ஈயம் இருக்கிறது, அதை வெளியில் வைத்துத் திறங்கள், குழந்தைகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கோவைக் குறிஞ்சி:
இந்தியாவில் இதெல்லாம் செய்யலாமா?

நீதிக்கண்:
கூடாது தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கவே தனி உரிமம் வேண்டும், துப்பாக்கி உரிமம் அதற்குப் போதாது. வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. இங்கே பேசுவது அமெரிக்க நடைமுறை.

மலைச்சரிவு:
வார்ப்புக்காரர் அண்ணே, சிலிண்டர் வாய் பற்றி ஒரு சேர்ப்பு. .357-இல் தொடர்ந்து .38 சுட்டால் அறையின் உள்ளே கரி வளையம் படியும். அதன்மேல் நீளமான .357 கேஸ் முட்டி, முழுதாக உள்ளே போகாது, சுட்டபின் கழற்றவும் அடம் பிடிக்கும். நீங்கள் சொன்ன .357-இல் வாயை அளப்பதற்கு முன் அந்த வளையத்தை வெண்கலத் தூரிகையால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.