மலையில் பிறந்தவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் மட்டும்தானா?

தலவாக்கலை வாசகன்:

மலையகப் பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டிகளை நீண்ட காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் இதை விவாதத்துக்கு வைக்கிறேன். இருக்கின்ற சிறிய பணத்தையும் நேரத்தையும் நூறு மீட்டர், நீளம் பாய்தல், தட்டெறிதல் என்று பிரித்துப் பிரித்துச் செலவிடுவதை நிறுத்திவிட்டு, நம் பிள்ளைகளை 5,000 மீட்டருக்கும் 10,000 மீட்டருக்கும் முழுமையாக வழிநடத்த வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர். உலகின் சிறந்த ஓட்டக்காரர்களைத் தருகின்ற கென்யாவின் இட்டன் 2,400 மீட்டர் உயரத்திலும், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. லயத்திலிருந்து பாடசாலைக்குத் தினமும் ஏறி இறங்குகின்ற பிள்ளையின் நெஞ்சுரத்தைக் கொழும்புப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது. 10,000 மீட்டரில் நாட்டின் முன்னணிக்கு வந்த குமார் சண்முகேஸ்வரன் நம் மலையகத்தைச் சேர்ந்தவர். பாய்தல் குழி இல்லாத பாடசாலைக்கும் வாசலில் ஒரு பாதை இருக்கிறது. நன்றாக ஓடுகின்றவர்களை இராணுவமும் பொலிஸும் தம் அணிகளில் சேர்த்துக்கொள்வதால், தோட்டத்துப் பிள்ளைக்கு அது ஒரு தொழிலாகவும் அமையும்.

பண்டாரவளை ஆசிரியர்:

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் குறைகிறது, அதை ஈடுசெய்யச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனை அதிகமாகச் சுரக்கிறது, அதனால் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் செங்குழியங்கள் பெருகுகின்றன. இது உண்மை. ஆனால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிவதற்கு 2,000 மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் வாழ வேண்டும். உயரத்தில் வசித்துத் தாழ்வில் பயிற்சி பெறுவதன் பயனைக் காட்டிய 1997ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஓட்டக்காரர்கள் 2,500 மீட்டரில் வசித்து 1,250 மீட்டரில் கடும் பயிற்சி செய்தார்கள். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையே 2,524 மீட்டர்தான். அந்த ஆய்வில் தாழ்வான இடம் என்று கொள்ளப்பட்ட உயரத்தில்தான் ஹட்டனும் பண்டாரவளையும் இருக்கின்றன.

இன்னொன்று, 10,000 மீட்டர் என்பது 400 மீட்டர் ஓடுபாதையில் 25 சுற்றுகள். உகாண்டாவின் ஜோசுவா செப்டேகி 2020இல் 26 நிமிடம் 11 செக்கனில் அதை ஓடி உலக சாதனை படைத்தபோது, ஒரு சுற்றுக்கு சராசரியாக 63 செக்கன்கூட ஆகவில்லை. அவர் மலைநாட்டில் வளர்ந்தவர் என்பது சரி. ஆனால் சாதனை படைத்தது கடலோர நகரமான வலென்சியாவில், சமதளமான ஓடுபாதையில். சுற்றுக்குச் சுற்று வேகம் மாறாமல் ஓடுவது ஏறி இறங்கி நடப்பதால் வந்துவிடாது. எங்கள் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். விசில் ஊதியதும் முதல் சுற்றை 72 செக்கனில் ஓடிவிடுகிறார்கள். நான்காவது சுற்றில் 90 செக்கனுக்கு இறங்குகிறார்கள். தோள்கள் மேலே எழும்பி, முழங்கை வெளியே விரிந்து, கடைசிச் சுற்றை ஏறக்குறைய நடந்து முடிக்கிறார்கள். அவர்களிடம் குறையாக இருப்பது உரம் அன்று, வேகத்தைப் பற்றிய கணக்கு.

தலவாக்கலை வாசகன்:

உயரத்தின் பயனை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1968இல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் நடந்தபோது, 10,000 மீட்டரில் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அவுஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் ஆறாவதாக வந்து எல்லையைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். வென்றவர் கென்யாவின் நப்தாலி தெமு. இரண்டாவது எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. மலையில் வளர்ந்த உடலும் சமவெளியில் வளர்ந்த உடலும் ஒன்று அல்ல என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

பண்டாரவளை ஆசிரியர்:

அந்தப் போட்டி மலையின் மேலேயே நடந்தது. தெமு வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 செக்கன், கிளார்க்கின் அன்றைய சாதனை 27 நிமிடம் 39.4 செக்கன். மெல்லிய காற்றில் எல்லோரும் தாமதமானார்கள், பழகியவர்கள் குறைவாகத் தாமதமானார்கள். நம் பிள்ளைகளின் தேசிய மட்டப் போட்டிகளோ பெரும்பாலும் கொழும்பின் வெக்கையில் நடக்கின்றன. குளிரில் பழகிய பிள்ளை அங்கே மலையின் பயனைக் காண்பதற்கு முன்பே வியர்வையில் வற்றிப்போகிறது. கடலோர நோர்வேயில் வளர்ந்த யாக்கொப் இங்கெபிரிக்ட்சன் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கம் வென்றதையும் நினைவில் கொள்ளுங்கள். அவரும் உயரமான இடங்களுக்குப் பயிற்சிக்குச் செல்கிறார். ஆனால் பிறந்த இடத்தைக் காட்டி அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

மஸ்கெலியா தாதி:

இருவரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்குழியம் உருவாக இரும்புச்சத்து வேண்டும். அது இல்லாத உடலை எந்த உயரத்துக்குக் கொண்டுபோனாலும் பயன் இல்லை. தோட்டப்புறங்களில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், இரத்தச்சோகை நெடுங்காலமாக இருந்துவரும் பிரச்சினை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 10,000 மீட்டர் 1988இலும் 5,000 மீட்டர் 1996இலும்தான் சேர்க்கப்பட்டன. பெண்ணுடல் அவ்வளவு தூரம் தாங்காது என்ற பழைய எண்ணத்தை ஓடிக் காட்டியே அவர்கள் முறியடித்தார்கள். ஆனால் நம் ஊரில் ஒரு பெண் பிள்ளை மூன்றாவது சுற்றில் முகம் வெளிறி உட்கார்ந்தால், "பழக்கம் போதாது" என்று சொல்லி இன்னும் ஓடவிடுகிறார்கள். முதலில் ஈமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கிறது. தேயிலை மலையிலேயே வாழும் நமக்கு இது சொல்லக் கடினமான அறிவுரைதான், இருந்தும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும்.

தலவாக்கலை வாசகன்:

தங்கச்சி சொல்வதை மனமார ஏற்கிறேன். பரிசோதனை செய்தபின் ஓடவிடலாம். ஆனால் ஆசிரியரின் வாதத்தில் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. கணக்கு, வேகம், ஓடுபாதை என்று அடுக்கிக்கொண்டே போனால், இவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு ஓட்டமே இல்லை என்றாகிவிடும். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ரணதுங்க கருணானந்த 10,000 மீட்டரில் பல சுற்றுகள் பின்தங்கி, மற்ற எல்லோரும் முடித்த பிறகும் தனியாக ஓடி முடித்தார். முதலில் ஏளனமாகப் பார்த்த கூட்டம் இறுதியில் எழுந்து நின்று கைதட்டியது. யப்பானியப் பாடசாலைப் புத்தகத்தில் அவரைப் பற்றிய பாடம் இடம்பெற்றது. நெடுந்தூர ஓட்டம் முதலில் மனத்தின் விடயம். அந்த மனம் நம் பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது.

பண்டாரவளை ஆசிரியர்:

கருணானந்தவை வணங்குகிறேன். ஆனால் அதே போட்டியில் வென்றவரையும் பாருங்கள். அமெரிக்கப் பழங்குடி ஒதுக்கிடமொன்றில் வறுமையில், பெற்றோரை இழந்து வளர்ந்த பில்லி மில்ஸ், யாரும் எதிர்பாராத வகையில் கடைசி நூறு மீட்டரில் கிளார்க்கையும் துனீசியாவின் கம்மூதியையும் முந்தி, 28 நிமிடம் 24.4 செக்கனில் முடித்தார். 25 சுற்றுகளின் முடிவைத் தீர்மானித்தது ஒரு நூறு மீட்டர் வேகம். நூறு மீட்டர் பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று நீங்கள் முதல் பதிவில் எழுதியதை நான் எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். பன்னிரண்டு வயதில் குறுந்தூரம் ஓடாத, பாயாத பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் அந்தக் கடைசி நூறு மீட்டர் இருக்காது. நீங்கள் மனவுரம் என்று போற்றுவதை மட்டும் வளர்த்தால், கடைசியாக ஓடி முடிப்பதற்குத்தான் பிள்ளையைத் தயார் செய்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் சகித்துக்கொள்ளப் பிறந்தவர்கள் என்ற எண்ணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் மக்கள்மீது சுமத்தப்பட்டது. அது விளையாட்டுத் தெரிவுக்குள்ளும் நுழைவதை என்னால் ஏற்க முடியாது.

தலவாக்கலை வாசகன்:

அந்தக் கடைசி வரி என்னைத் தைக்கிறது, ஆனால் நான் சொன்னது சகிப்பை அன்று, வாய்ப்பை. இப்போதும் சொல்கிறேன்: இரண்டு ஆசிரியர்களுக்கு இருக்கின்ற நேரத்தில் எட்டு நிகழ்ச்சிகளைத் தொட்டு எதிலும் மாகாண மட்டம் தாண்டாமல் நிற்பதைவிட, ஒன்றில் ஆழமாகப் போவது மேல். பன்னிரண்டு வயது வரை எல்லாவற்றையும் பழகட்டும்; அதற்குப் பிறகு தெரிவு வேண்டும்.

கொட்டகலைப் பெற்றோர்:

சேர், எங்கள் பாடசாலையில் ஓடுபாதையே இல்லை. ஒரு பக்கம் சரிவான மைதானம் மட்டும் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் தோட்டப் பாதையில் மரதன் ஓடவிடுவதோடு பயிற்சி முடிகிறது. வேகக் கணக்கை எதில் பழக்குவது?

பண்டாரவளை ஆசிரியர்:

200 மீட்டர் வட்டம் போதும். அதில் 5,000 மீட்டருக்கு 25 சுற்றுகள். மைதானத்தில் 78 மீட்டர் நீளமும் 38 மீட்டர் அகலமும் இருந்தால் உள்கோடு அடங்கும். ஓடுவதற்குச் சுற்றிவர இரண்டு மீட்டராவது கூடுதலாக விடுங்கள். இரண்டு நேர்ப்பகுதிகளையும் 40 மீட்டராக வையுங்கள். ஒவ்வொரு அரைவட்ட வளைவின் மையப்புள்ளியிலும் முளை அடித்து, கயிற்றை 18.90 மீட்டருக்குக் கட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுங்கள். கோட்டின்மேல் அளந்து 200 மீட்டர் வைத்துவிடாதீர்கள். பிள்ளை கோட்டிலிருந்து 20 சென்ரிமீட்டர் தள்ளித்தான் ஓடும் என்று கொள்வதே விதி. கோட்டிலேயே அளந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றேகால் மீட்டர் கூடி, 25 சுற்றில் 31 மீட்டர் அதிகமாக ஓடவேண்டிவரும். அது ஆறு செக்கன். அந்த ஆறு செக்கனில் வலய மட்டத்தில் இடம் பறிபோகும்.

சரிவு இருந்தால் வட்டத்தின் ஒரு பாதி மேட்டிலும் மறு பாதி இறக்கத்திலும் வரும். ஆகவே அரைச்சுற்று நேரத்தைப் பார்க்காமல் முழுச்சுற்று நேரத்தை மட்டும் எழுதுங்கள். வளைவு இறுக்கமாக இருப்பதால் இடது காலில் சுமை கூடும். மெதுவாக ஓடும் நாட்களில் எதிர்த்திசையில் ஓடவிடுங்கள். முதல் மாதம் 5,000 மீட்டர் வேண்டாம். ஐந்து சுற்றுகள் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, மீண்டும் ஐந்து சுற்றுகள். ஒவ்வொரு சுற்றும் 42 செக்கன் என்று சொல்லி, கடிகாரத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல், எத்தனை செக்கனில் ஓடினாய் என்று அவர்களிடமே கேளுங்கள்.