இந்தியாவிலிருந்து தோசை மாஸ்டர்: 11 பேர் இருந்தும் கோட்டா இல்லையாம் (சிங்கப்பூர்)

தேக்கா சமையல்கட்டு (நவம்பர் 2025)

வணக்கம். தேக்காவில் சைவ உணவகம் நடத்துகிறேன். இரவுக் கூட்டத்தைச் சமாளிக்க இரண்டாவது தோசை மாஸ்டர் தேவை. மதுரையில் ஒருவரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன், கைப்பக்குவம் அருமை. இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பரில் இந்திய உணவகங்களுக்கு மட்டும் திறந்த வழியை, 2025 செப்டம்பர் 1 முதல் எல்லா உணவகச் சமையல்காரர்களுக்கும் விரித்திருக்கிறார்கள் என்று நம்பி இறங்கினேன். கோட்டா (வெளிநாட்டு ஆட்களுக்கான ஒதுக்கீடு) இல்லை என்று நின்றுவிட்டது.

எங்களிடம் முழுநேர உள்ளூர்க்காரர்கள் 6 பேர், எல்லாருக்கும் மாதம் 1,800 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். வார இறுதிக்கு வரும் உள்ளூர் அக்காமார் 2 பேர், மாதம் 1,000 வெள்ளி சுமார். பெர்மிட்டில் இருக்கும் மலேசியர் 3 பேர். மொத்தம் 11. மாஸ்டருக்கு அடிப்படைச் சம்பளம் 1,500, ஓவர்டைம் சேர்த்தால் 2,000 தாண்டும்.

பெர்மிட் எடுத்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர், "அம்மா பெயரிலும் கொழுந்தன் பெயரிலும் சிபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுங்கள், கோட்டா வந்துவிடும்" என்கிறார். வேறு வழி உண்டா?

கணக்குப்பிள்ளை

முதலில் அந்த அம்மா, கொழுந்தன் யோசனையை விட்டுவிடுங்கள். வேலை செய்யாதவர் பெயரில் சிபிஎஃப் கட்டிக் கோட்டாவைக் கூட்டுவது குற்றம். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அப்புறம் வெளியாட்களை எடுக்கும் உரிமையே போய்விடும். அந்த ஆள் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், கையெழுத்து உங்களுடையது.

உங்கள் 11 பேர் எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) கணக்கில் 11 இல்லை. 2025 நிலவரப்படி மாதம் 1,600 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கும் உள்ளூர்க்காரர்தான் ஒரு ஆள். 800 முதல் 1,600-க்குள் என்றால் அரை ஆள். ஆக 6 + 1 = 7 உள்ளூர், 3 மலேசியர், புது மாஸ்டரோடு 11.

சேவைத் துறையில் பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறனாளருக்கான அனுமதி) எல்லாம் சேர்த்து மொத்த ஆட்களில் 35 சதவீதம் வரை. 11-இல் அது 3.85. பின்னத்தைக் கழித்தால் 3, அது மலேசியர்களோடு நிரம்பிவிட்டது. இதைத் தாண்டினாலும் இந்தியச் சமையல்காரருக்கு 8 சதவீத உள்வரம்பு இருக்கிறது. 11-இல் 0.88, அதாவது பூஜ்யம். 13 பேர் கணக்கில் வந்தால்தான் 1.04 ஆகி ஒருவர் கிடைப்பார்.

நேர்வழி: அக்காமார் இருவருக்கும் விருப்பம் இருந்தால் நேரத்தைக் கூட்டி 1,600-க்கு ஏற்றுங்கள், 8 ஆகிவிடும். இன்னும் ஒரு உள்ளூர்க்காரரை முழுநேரமாக எடுத்தால் 9. அப்போது 9 + 3 + 1 = 13. இதில் 35 சதவீதம் 4.55, நாலு பேருக்கு இடம் உண்டு. இரண்டு வரம்பும் சரியாகிவிடும்.

ஆனால் உடனே வராது. முந்தைய மூன்று மாத சிபிஎஃப் சராசரியைத்தான் எடுப்பார்கள். டிசம்பரில் தொடங்கினால் பிப்ரவரிக் கட்டணமும் ஏறிய பிறகு மனுப் போடுங்கள்.

சம்பளத்திலும் சிக்கல் இருக்கிறது. இந்த வழியில் வரும் சமையல்காரருக்குக் குறைந்தது 2,000 வெள்ளி வேண்டும், அந்த 2,000 என்பது நிலையான மாதச் சம்பளம்: அடிப்படையும் மாதாமாதம் மாறாத படிகளும் மட்டும். ஓவர்டைம் சேராது.

தேக்கா சமையல்கட்டு

இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை, நன்றி. அக்காமாரிடம் கேட்டேன், இருவருக்கும் சம்மதம். புது ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். எஸ் பாஸில் மாஸ்டரை எடுக்க முடியுமா?

கணக்குப்பிள்ளை

கோட்டாவைப் பொறுத்தவரை முடியும். எஸ் பாஸ் உள்வரம்பு 10 சதவீதம். 8 + 3 + 1 = 12, அதில் 1.2. மொத்த வரம்பும் 4.2. புது உள்ளூர் ஆள் வேண்டாம்.

செலவுதான் இடிக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி, வயது கூடக் கூட ஏறும். 45 வயதுக்கு 4,800. லெவி (வெளியாளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டுவது) மாதம் 650. படிப்பும் அனுபவமும் பார்ப்பார்கள். மனுவுக்கு முன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத்தளத்தில் 14 நாள் விளம்பரம் வேறு. ஒரு தோசைக்கல்லுக்கு இது தாங்காது என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் இங்கேயே ஒருவருக்கு நல்ல சம்பளம் கொடுத்து எடுங்கள், 9 ஆகிவிடும். முடிந்தால் 10 வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விலகினால் அடுத்த புதுப்பிப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

பரோட்டாக்கல்

அக்கா, நானும் பெர்மிட்டில் வந்தவன்தான். மதுரைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: ஊரில் யாருக்காவது பணம் கொடுத்தாரா? எங்கள் தெருவில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வருஷம் முழுக்க வட்டிக்கே போகும். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் காசு வாங்கினால் இங்கே குற்றம், லெவியையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நடுவில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லி வாங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஐபிஏ (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல்) கடிதம் வந்ததும் அவர் விமானம் ஏறுமுன் தமிழில் இருப்பதை அனுப்புங்கள். அடிப்படை, படி, பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். போனில் சொன்ன தொகையும் அதுவும் ஒன்றா என்று அவரே படித்துப் பார்க்கட்டும்.

தேக்கா சமையல்கட்டு

கேட்டேன். 80,000 ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லையாம். கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இனி மனுவை நானே போடுகிறேன். அடிப்படை 2,000 என்று மாற்றிவிட்டேன். ஐபிஏ வந்த பிறகு என்ன வரிசை?

கணக்குப்பிள்ளை

5,000 வெள்ளிப் பிணைப்பத்திரமும், ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் அவர் வந்து இறங்குமுன் தயாராக வேண்டும். பிணைக்கு முழுத் தொகையை முடக்க வேண்டியதில்லை, காப்புறுதி நிறுவனத்தில் பத்திரமாக வாங்கலாம். வந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, பிறகு பெர்மிட். தங்குமிடம் உங்கள் பொறுப்பு, முகவரியையும் பதிய வேண்டும். மார்ச்சில் மனுப் போடும்போது கோட்டா எண்ணிக்கையை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.