க்யூபைத் தொடாத ஆட்டத்தில் கேமனுக்கு ஒரு பாயின்டா, இரண்டா?

கணக்குப்பிள்ளை:
மார்ஸ் மணி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. லண்டன் பப் ஒன்றில் பாயின்டுக்கு 5 பவுன் என்று பேசி பேக்கேமன் (பகடை போட்டுக் காய்களைச் சுற்றிக் கொண்டுவந்து வெளியே எடுக்கும் இருவர் பலகையாட்டம்) ஆடினாராம். எதிராளி ஒரு காயைக்கூட வெளியே எடுக்கும் முன் இவர் 15 காயையும் எடுத்துவிட்டாராம். கேமன்தான், மறுக்கவில்லை. 10 பவுன் கேட்டதற்கு எதிராளி 5 பவுன் வைத்துவிட்டு, ஜேக்கபி விதி என்றாராம். உடனே இவர் "ஏமாற்றிவிட்டான், கேமன் என்றால் எப்போதும் இரட்டிப்பு" என்று ஊருக்கே அறிவிக்கிறார். டபுளிங் க்யூப், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கக் கேட்கும்போது திருப்பித் தரும் எண் கட்டை, கடைசிவரை நடுவிலேயே கிடந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் என்ன ஏமாற்று? பணத்துக்கு ஆடும்போது க்யூபைத் திருப்பாவிட்டால் கேமனும் ஒன்று, அதைவிடப் பெரிய வெற்றியான பேக்கேமனும் ஒன்று, அதுதான் ஜேக்கபி. தெரியாமல் காசு வைத்து உட்கார்ந்தது யார் தப்பு?

மார்ஸ் மணி:
உட்காரும்போது ஜேக்கபி என்ற பெயரையே அவன் எடுக்கவில்லை. காசு எடுத்து வைக்கிற நேரத்தில்தான் ஜேக்கபி வந்தார். கேமன் 2, பேக்கேமன் 3 என்பதுதான் அடிப்படை விதி. ஜேக்கபி, பீவர் (டபுளை வாங்கியவர் அந்த நொடியே மறுபடி இரட்டிப்பாக்குவது), ஆட்டோமேட்டிக் டபுள் எல்லாம் விருப்ப விதிகள் என்று தனியாகத்தான் போட்டிருக்கும். இருவரும் ஒப்புக்கொண்டால்தான் விருப்ப விதி. நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?

கணக்குப்பிள்ளை:
விதி எதற்கு வந்தது என்று தெரிந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். என் வீட்டின், அதாவது பலகையில் என் கடைசிப் பகுதியின், ஆறு முனையையும் அடைத்துவிட்டேன், உங்கள் காய் இரண்டு வெட்டுப்பட்டு பலகையின் நடுக்கட்டையான பாரில், உள்ளே வர வழியில்லாமல் கிடக்கிறது என்று வையுங்கள். நான் டபுள் கேட்டால் நீங்கள் ஒரு பாயின்ட் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். ஜேக்கபி இல்லையென்றால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? க்யூபைத் தொடாமல் கேமனுக்காக இழுப்பேன். நீங்கள் பகடையைக்கூட எடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காசாட்டத்தில் யாருக்கு அந்தப் பொறுமை? கேமனுக்குக் காசு வேண்டுமானால் முதலில் க்யூபைத் திருப்பு, துணிவு இல்லையென்றால் ஒன்றோடு போ. அவ்வளவுதான். க்யூப் நடுவில் இருந்ததா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மார்ஸ் மணி:
நடுவில்தான் இருந்தது. சொன்னானா இல்லையா? அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

இஸ்தான்புல் டீக்கடைகளில் இதே பலகையில் தவ்லா என்ற துருக்கிய ஆட்டம் ஆடிப் பழகியவன் நான். அங்கே க்யூபே கிடையாது. கேமனை அங்கே மார்ஸ் என்பார்கள், மார்ஸ் என்றால் இரண்டு. 6-5 விழுந்தால் "ஷேஷ் பேஷ்" என்று சத்தம் போட்டுக்கொண்டே காயை நகர்த்துவார்கள், பகடை நிற்பதற்குள் ஆட்டம் ஓடும். அந்த ஆட்டக்காரர்களிடம் போய் மார்ஸுக்கு ஒன்றுதான் என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தவ்லாவில் க்யூப் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். க்யூபே இல்லாத ஆட்டத்துக்கு ஜேக்கபி எதற்கு? இந்த க்யூப் 1920களில் நியூயார்க் கிளப்களில் வந்தது. அதை வைத்து ஆடினால் அதற்குரிய விதியோடு ஆட வேண்டும். லண்டனில் உட்கார்ந்து இஸ்தான்புல் கணக்கில் காசு கேட்காதீர்கள்.

வடசென்னை வாசு:
எதற்கு இத்தனை சண்டை? பகடை விழுந்தால் ஜெயிப்பு, விழாவிட்டால் தோல்வி. இதில் விதி வேறு.

கணக்குப்பிள்ளை:
வாசு, 1982-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு நீதிபதி பேக்கேமன் சூதாட்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வடசென்னை வாசு:
1979-இல் மான்டி கார்லோவில் உலகச் சாம்பியன் லூயிஜி வில்லாவை ஒரு கணினி நிரல் 7-1 என்று அடித்ததே, அதை எழுதியவரே பகடை தன் பக்கம் விழுந்ததை ஒப்புக்கொண்டார். அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேவி:
மணி அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். முதலில் 7 பாயின்ட், 11 பாயின்ட் எட்டுபவர் ஜெயிப்பார் என்று வைத்து ஆடும் போட்டிகளில் ஜேக்கபி கிடையாது. அங்கே க்யூப் நடுவில் இருந்தாலும் கேமன் இரண்டுதான். காசாட்டத்துக்கு மட்டும்தான் ஜேக்கபி. அதையும் உட்காரும்போதே கேட்டுக்கொள்வதுதான் நான் பார்த்த பழக்கம். ஒரு நிமிஷ வேலை.

கணக்குப்பிள்ளை:
கேட்பது மரியாதை. கேட்காவிட்டால் விதி இல்லாமல் போய்விடாது. காசாட்டம் என்றாலே ஜேக்கபி உண்டு என்றுதான் அர்த்தம்.

தேவி:
அப்படியா ஐயா? போன வருஷம் நாம் ஆடிய ஷுவெட், அதாவது 'பெட்டி' எனப்படும் ஒருவரை மற்றவர்கள் அணியாக எதிர்த்து ஆடும் ஆட்டம், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் தனியாகப் பெட்டியில், நாங்கள் அணியாக எதிரில். நீங்கள் டபுள் கொடுத்தீர்கள். நான் க்யூபை 2-இல் வாங்கி அந்த நொடியே பீவர் சொல்லி 4-ஐ என் பக்கமே வைத்தேன். நீங்கள் சொன்னது: "முன்கூட்டிப் பேசாத விதி செல்லாது." பீவரும் விருப்ப விதிதான். அன்றைக்கு உங்களுக்கு ஒரு நியாயம், இன்றைக்கு மணி அண்ணனுக்கு வேறு நியாயமா?

மார்ஸ் மணி:
இதுதான் சங்கதியா! அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

கணக்குப்பிள்ளை:
பீவர் வேறு, ஜேக்கபி வேறு. பீவர் பந்தயத்தை ஏற்றுகிறது, அதனால் என் சம்மதம் வேண்டும். ஜேக்கபி பந்தயத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. போதாக்குறைக்கு அன்று நீங்கள் அந்த க்யூபை வாங்கியதே தவறு. உங்களுக்கு 20 சதவீத வாய்ப்புகூட இல்லை.

தேவி:
ஜெயித்தது நான்தானே?

கணக்குப்பிள்ளை:
ஜெயித்தால் சரியான முடிவாகிவிடுமா? கணக்கைப் பாருங்கள். பாயின்டுக்கு 5 பவுன், 100 ஆட்டம். டபுளை மறுத்தால் 500 பவுன் போச்சு. க்யூபை வாங்கி 25 ஆட்டம் ஜெயித்தால் 250 வரும், மீதி 75-இல் 750 போகும், அதே 500 நஷ்டம். ஆக 25 சதவீதம் இருந்தால்தான் வாங்கவே வேண்டும். இது கேமனைக் கணக்கில் சேர்க்காமல். க்யூப் திரும்பிய பிறகு கேமனும் உயிர் பெறும், 2-இல் கேமன் தோற்றால் 4 பாயின்ட், 20 பவுன். திருப்பினால் கேமன் உண்டு, திருப்பாவிட்டால் இல்லை. எத்தனை தடவை சொல்வது?

மார்ஸ் மணி:
எத்தனை தடவை சொன்னாலும் என் கேள்விக்குப் பதில் இல்லை. அவன் முதலில் சொன்னானா? நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
க்யூப் நடுவில் இருந்தது. முடிந்தது.

வடசென்னை வாசு:
ஒரு நிமிஷம். "க்யூபைத் திருப்பினால் கேமன் உண்டு" என்கிறீர்கள். முதல் பகடையில் இருவருக்கும் ஒரே எண் விழுந்தால் ஆட்டோமேட்டிக் டபுள், க்யூப் 2-க்குத் திரும்பும், நடுவிலேயே இருக்கும். அப்போது கேமனுக்குக் காசு உண்டா? திருப்பியாயிற்றே!

கணக்குப்பிள்ளை:
கிடையாது. அது பகடை திருப்பியது. ஆடுபவர் டபுள் கேட்டு மற்றவர் வாங்கியிருக்க வேண்டும்.

வடசென்னை வாசு:
இத்தனை நேரம் "திருப்பினால்" என்று மட்டும்தானே எழுதினீர்கள்? கேட்டு வாங்க வேண்டும் என்பது இப்போது புதிதாக எங்கிருந்து வந்தது?

தேவி:
அவர் சொல்வது சரிதான் வாசு, ஆட்டோமேட்டிக் டபுளுக்கு கேமன் உயிர் பெறாது. ஆனால் பீவர் விஷயத்துக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
சொல்லியாயிற்று. மேலே படியுங்கள்.